திரைக்கு வெளியே ஓடிய தீபாவளிப் படங்கள்

1991 நவம்பர் 5, செவ்வாய்க்கிழமை. இன்னும் பொழுது விடியவில்லை. எண்ணெய்க் குளியல் முடித்து, சீயக்காய் வாசம் போகாத ஈரத் தலையும் காலரில் மஞ்சள் தடவிய புதுச்சட்டையுமாகப் பையன்கள் தெருவுக்கு வந்தாயிற்று. கையில் ஊதுபத்தி, சட்டைப் பையில் பிஜிலி வெடி. ஆனால் கண்ணெல்லாம் கடைத்தெருப் பக்கம். அங்கே ஒரு தியேட்டர் வாசலில் ரஜினியின் கட்-அவுட் மாடி உயரத்துக்கு நிற்கிறது. அடுத்த தெருத் தியேட்டரில் கமலுக்குத் தோரணம். இங்கே ‘தளபதி’, அங்கே ‘குணா’. டிக்கெட் கவுன்ட்டருக்குப் போகும் கம்பிக் கூண்டுக்குள் ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவர் கூண்டின் மேலேறி, வரிசையில் நிற்பவர்களின் தோள்களில் தவழ்ந்து வந்து, நேராகக் கவுன்ட்டர் ஓட்டைக்குள் கையை விடுகிறார். கை டிக்கெட்டோடு வெளியே வரும்போது முழங்கையில் சிராய்ப்பு, புதுச்சட்டையில் ஒரு பட்டனைக் காணோம். வீட்டில் அம்மாவிடம் வாங்கப்போகும் திட்டு அந்த நிமிடத்தில் அவருக்கு நினைவில்லை.

எதிர்க்கடை டேப்ரெக்கார்டரில் இரண்டு படப் பாட்டும் மாறி மாறி ஓடுகிறது. இரண்டுக்கும் இசை இளையராஜா. ரஜினி ரசிகரும் கமல் ரசிகரும் சண்டை போட்டுக்கொண்டே ஒரே மனிதரின் மெட்டை முணுமுணுத்த தீபாவளி அது.

அன்று கூண்டுக்குள் நின்றவர்களுக்கு இன்று ஐம்பது வயது, அறுபது வயது. தீபாவளி நெருங்கினால் அவர்கள் பேச்சு தானாக அந்தப் படங்களுக்குப் போய்விடுகிறது. ‘உங்க ஊர்ல எந்தத் தியேட்டர்ல பார்த்தீங்க?’ என்று ஆரம்பித்தால் பட்டாசு, ஜவுளி, பாட்டுப் புத்தகம், கேசட் என்று இரவு முழுக்கப் பேசுகிறார்கள். கவனித்துக் கேட்டால் ஒன்று புரியும்: படத்தின் கதையைப் பற்றிய பேச்சு அதில் மிகக் குறைவு. படத்தைச் சுற்றி இருந்த மற்ற எல்லாவற்றைப் பற்றியும்தான் பேச்சு. திரையில் ஓடியது மூன்று மணி நேரம். திரைக்கு வெளியே அது மாதக்கணக்கில் ஓடியது. இந்தக் கட்டுரை அந்த வெளி ஓட்டத்தைப் பற்றியது.

போனஸ் வந்த கை

தீபாவளிக்கும் சினிமாவுக்கும் முடிச்சுப் போட்டது காசுதான். மில்லிலும் கம்பெனியிலும் போனஸ் வரும். கடைத்தெருவில் பணம் புரளும். வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் சொந்த ஊருக்கு வந்திருப்பார்கள். வருடம் முழுக்கப் படம் பார்க்காத வீடுகூட அன்று தியேட்டருக்குக் கிளம்பும். தயாரிப்பாளர் வாங்கிய கடனை வட்டியோடு அடைக்க அதைவிட நல்ல நாள் இல்லை.

1944 தீபாவளிக்கு வந்த எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதானார். அவர் சிறையில் இருக்க, படம் மட்டும் ஓடியது. 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’. சிவாஜி கணேசன் என்ற பெயர் தமிழ்நாட்டுக்கு அறிமுகமான நாள் அது. கலைஞர் கருணாநிதியின் வசனம் இசைத்தட்டாக வந்தது, புத்தகமாக விற்றது. கண்ணாடி முன் நின்று அதைப் பேசிப் பழகியவர்களில் பலர் பின்னாளில் நாடக மேடைக்கும் அரசியல் மேடைக்கும் போனார்கள்.

1964 தீபாவளியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அன்று எம்.ஜி.ஆருக்கு ‘படகோட்டி’. சிவாஜிக்கோ ஒரே நாளில் இரண்டு: ‘நவராத்திரி’, ‘முரடன் முத்து’. இதில் எது சிவாஜியின் நூறாவது படம் என்று கேள்வி வந்தது. ஒன்பது வேடம் போட்ட ‘நவராத்திரி’க்கு அந்தப் பெருமை போனது. ‘முரடன் முத்து’வை எடுத்த பி.ஆர். பந்துலு மனம் வருந்தி எம்.ஜி.ஆர். பக்கம் சென்றார் என்பது திரையுலகம் அறிந்த கதை. அப்படி அவர் எடுத்த படம் 1965-ல் வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’. எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் முதன்முதலாகச் சேர்ந்து நடித்த படம் அது. ஒரு தீபாவளி ரிலீஸில் எழுந்த வருத்தம் எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள். தமிழ்நாட்டு அரசியலின் முப்பது ஆண்டுக் கதையில் அதற்கும் ஒரு வரி உண்டு.

■ ஒரே தீபாவளி, எதிரெதிர் படங்கள்

1967: இரு மலர்கள், ஊட்டி வரை உறவு (இரண்டும் சிவாஜி), விவசாயி (எம்.ஜி.ஆர்.)
1970: சொர்க்கம், எங்கிருந்தோ வந்தாள் (இரண்டும் சிவாஜி)
1987: நாயகன், மனிதன்
1991: தளபதி, குணா
1992: தேவர் மகன், பாண்டியன்
1995: முத்து, குருதிப்புனல்
2007: வேல், அழகிய தமிழ்மகன், பொல்லாதவன்
2019: பிகில், கைதி

சில்லறைக் காசுக்கு ஒரு பங்கு

டிக்கெட் கிடைக்காதவர்களுக்கும் தீபாவளிப் படத்தில் பங்கு இருந்தது. அந்தப் பங்கின் பெயர் பாட்டுப் புத்தகம்.

அதைக் கையில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மட்டமான நியூஸ்பிரின்ட் தாளை மடித்து நடுவில் ஒரு பின் அடித்திருப்பார்கள், சிலவற்றில் அதுவும் இருக்காது. முகப்பில் ஒரே வண்ணத்தில் நாயகன் நாயகி முகம். மை கொஞ்சம் தள்ளி விழுந்து மூக்கு இரண்டாகத் தெரியும். உள்ளே நடிகர் பட்டியல், தொழில்நுட்பக் கலைஞர் பட்டியல். பிறகு கதைச் சுருக்கம். கதாநாயகி கடத்தப்படுவாள், அண்ணன் மேல் கொலைப் பழி விழும், சரியாக அந்த இடத்தில் நிறுத்தி, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடித்துவிடுவார்கள். அப்புறம் பாடல்கள். பாடியவர் பெயர், எழுதியவர் பெயர், ஆண், பெண், குழு என்று பிரித்து. அச்சுப்பிழை வரிக்கு ஒன்று இருக்கும். அந்தப் பிழையோடேயே பாட்டைப் பாடம் பண்ணி, இன்றுவரை அப்படியே பாடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தியேட்டர் வாசலிலும் பஸ் நிலையத்திலும் இதை விற்றவர்களுக்கு அது ஒரு பிழைப்பு. ஆனால் வாங்கியவர்களுக்கு அதன் மதிப்பு பெரிது. பள்ளிப் பாடப் புத்தகம் தவிர வேறு அச்சுத்தாள் நுழையாத வீடுகளில் முதலில் நுழைந்த புத்தகம் பல இடங்களில் இதுதான். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி பேத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டுப் பாடியிருக்கிறார். ஒரு கவிஞரின் பெயரைப் பாட்டோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் மக்களுக்கு வந்ததில் பாட்டுப் புத்தகத்துக்குப் பங்கு உண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

பிலிம் அழிந்துபோன பழைய படங்கள் பலவற்றுக்கு இன்று மிஞ்சியிருக்கும் சான்று இந்தத் தாள்கள்தான். யார் நடித்தார், கதை என்ன, எத்தனை பாட்டு என்ற விவரங்களைத் திரைப்பட வரலாற்று ஆய்வாளர்கள் இவற்றிலிருந்து எடுக்கிறார்கள். அன்று கடலை மடிக்கப் போன தாள் இன்று ஆவணம்.

பாட்டுப் புத்தகத்தை அடுத்து வந்தது கேசட். ஊருக்கு ஒரு ரெக்கார்டிங் சென்டர். கோடு போட்ட தாளில் பாட்டு வரிசையை எழுதிக் கொடுத்தால், அறுபது நிமிட கேசட்டிலோ தொண்ணூறு நிமிட கேசட்டிலோ பதிந்து தருவார்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் கடையில் தாள் மலைபோல் குவியும். ‘பி’ பக்கத்தில் கடைசிப் பாட்டு முடியுமுன் டேப் தீர்ந்து, சரணத்தின் நடுவில் டக்கென்று நிற்கும். முப்பது வருடம் கழித்து அதே பாட்டை முழுசாகக் கேட்டாலும், அந்த இடம் வந்ததும் காது தயங்குகிறது.

வானொலியும் சும்மா இருக்கவில்லை. விவித் பாரதியின் வர்த்தக ஒலிபரப்பில் புதுப்பட விளம்பரம் வரும். இரண்டு வசனம், பாட்டின் பல்லவி, தியேட்டர் பெயர்கள். இலங்கை வானொலியில் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரலில் ஒரு படத்தின் பெயர் ஒலித்தால், பார்க்காத படம்கூடப் பார்த்த படமாகிவிடும். தென்மாவட்டங்களில் எத்தனையோ வீடுகள் சென்னை வானொலியைவிடக் கொழும்பைத் தெளிவாகக் கேட்டன.

வெயிலில் ஓடிய பிலிம்

இதைச் சொல்லாமல் விட்டால் மனசு ஆறாது. படம் ஓட்டும்போது அறுந்து, வெட்டி ஒட்டப்பட்ட பிலிமின் துண்டுகள் தியேட்டருக்குப் பின்னால் குப்பையில் கிடக்கும். பையன்கள் அதைப் பொறுக்கி வருவார்கள். ரஜினி துண்டு ஒன்றுக்குச் சாதாரணத் துண்டு பத்து என்று பண்டமாற்று நடக்கும். ஃபியூஸ் போன குண்டு பல்பின் அடிப்பகுதியை உடைத்து, உள்ளிருப்பதை எடுத்துவிட்டு, தண்ணீர் நிரப்பினால் லென்ஸ் தயார். வீட்டு வாசலில் ஒருவன் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து வெயிலை உள்ளே திருப்புவான். இருட்டு அறையில் அட்டையில் ஓட்டை போட்டுச் செருகிய பிலிம், அதன் முன்னால் பல்பு, எதிர்ச் சுவரில் அப்பாவின் வெள்ளை வேட்டி. வேட்டியில் தலைகீழாக ஒரு முகம் விழும். பிலிமைத் திருப்பிப் பிடித்தால் நேராகும். மேகம் வந்தால் காட்சி ரத்து. பார்வையாளர் கட்டணம் ஒரு கமர்கட்.

ஒளி எப்படி வளைகிறது, பிம்பம் ஏன் தலைகீழாகிறது என்பதைப் பௌதிகப் பாடத்துக்கு முன்பே அந்தப் பிள்ளைகள் கையால் தெரிந்துகொண்டார்கள். யாரும் காசுக்கு விற்காத இந்த விளையாட்டை, தீபாவளிப் படங்கள் தந்த சீதனங்களில் முதலிடத்தில் வைப்பேன்.

சிவகாசியும் ஜவுளிக்கடையும்

சிவகாசி தீபாவளிக்கு இரண்டு கையாலும் உழைக்கிற ஊர். ஒரு கை பட்டாசு செய்யும். மறு கை அச்சடிக்கும். பட்டாசுப் பெட்டியின் லேபிள், சினிமா போஸ்டர், நாட்காட்டி எல்லாம் அந்த ஊர் அச்சகங்களிலிருந்து வந்தன. பெட்டிக்குள் வெடி, பெட்டிமேல் நடிகை படம். வெடித்து முடித்த பிறகும் அட்டை நோட்டுப் புத்தகத்துக்குள் பத்திரமாக இருக்கும். 2005 தீபாவளிக்கு விஜய் நடித்த படமே ‘சிவகாசி’ என்ற பெயரில் வந்தது.

ஜவுளிக்கடைகள் இன்னொரு பக்கம். ஓடிய படத்தின் பெயரைச் சேலைக்கு வைத்து விற்பது நம் ஊரில் பழைய வழக்கம். சந்திரமுகி சேலை, பாகுபலி சேலை என்று கேட்டு வாங்கியவர்கள் உண்டு. நதியா கம்மலும் நதியா வளையலும் எண்பதுகளின் திருவிழாக் கடைகளை ஆண்டன. ‘ஆனந்த விகடன்’, ‘கல்கி’, ‘கலைமகள்’, ‘அமுதசுரபி’ தீபாவளி மலர்களில் கதைக்கும் கோயில் ஓவியத்துக்கும் நடுவே முழுப்பக்கத் திரைப்பட விளம்பரம் இருக்கும். மலரை வாங்கியவர் கதைக்காக வாங்கினார். வீட்டில் அது விளம்பரத்துக்காகவும் பத்து கை மாறியது.

தோற்ற படம், நிலைத்த பெயர்

1991-க்குத் திரும்புவோம். ‘தளபதி’ வென்றது, ‘குணா’ எதிர்பார்த்தபடி ஓடவில்லை. ஆனால் கொடைக்கானலில் வெள்ளைக்காரர் காலத்தில் ‘டெவில்ஸ் கிச்சன்’ என்றழைக்கப்பட்ட குகைக்கு ‘குணா குகை’ என்று பெயர் நிலைத்துவிட்டது. வசூலில் தோற்ற படம் வரைபடத்தில் இடம்பிடித்தது.

2006-ல் கேரளத்தின் மஞ்ஞும்மல் பகுதியிலிருந்து சுற்றுலா வந்த நண்பர்களில் ஒருவர் அங்கே ஆழ்குழியில் விழ, இன்னொரு நண்பர் உள்ளே இறங்கி மீட்டார். 2024 பிப்ரவரியில் அது ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படமானது. ‘குணா’வின் பாட்டு அதில் ஒலித்ததும் தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் அதிர்ந்தன. அதுவரை எந்த மலையாளப் படமும் இங்கே காணாத வசூல். 1991-ல் பிறக்காத பிள்ளைகள் அந்தப் பாட்டை எழுந்து நின்று பாடினார்கள்.

பிறகுதான் கணக்கு வழக்கு வந்தது. பாடலைப் பயன்படுத்தியதற்கு இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. ‘குணா’வை மறுபடி வெளியிட முயன்றபோது உரிமை யாருக்கு என்ற வழக்கில் நீதிமன்றத் தடை விழுந்தது, தடை நீங்கி 2024 நவம்பரில்தான் படம் திரைக்கு வந்தது. ஏக்கத்துக்குச் சந்தை மதிப்பு வந்துவிட்டால், பழைய ஒப்பந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியமாகிவிடுகிறது. அந்தக் காலத்து ஒப்பந்தம் எழுதிய எவரும் டிஜிட்டலையோ ஓடிடியையோ கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

■ ஜப்பான் வரை போன தீபாவளிப் படம்

1995 தீபாவளிக்கு வந்த ‘முத்து’, 1998-ல் ஜப்பானில் ‘ஆடும் மகாராஜா’ என்ற பொருள்படும் பெயரில் வெளியாகி டோக்கியோவில் 23 வாரம் ஓடியது. 2006-ல் ஜப்பான் நாடாளுமன்றத்தில் பேசிய பிரதமர் மன்மோகன் சிங், இரு நாட்டு மக்களின் நெருக்கத்துக்கு இந்தப் படத்தை எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டார்.

எல்லார் வீட்டிலும் ஒரே தித்திப்பா?

தீபாவளிப் பட நினைவு எல்லாருக்கும் ஒரே மாதிரி இனிக்கவில்லை. இதை மறைத்துவிட்டு எழுதினால் கட்டுரை பொய்யாகிவிடும்.

1992 தீபாவளியின் ‘தேவர் மகன்’ தேசிய விருதுகள் பெற்ற படம். நடிப்பு, ஒளிப்பதிவு, இசை என்று எதை எடுத்தாலும் உயரம். ஆனால் அதன் பாட்டு சில ஊர்களில் சாதிப் பெருமையின் கொடியாகத் தூக்கிப் பிடிக்கப்பட்டது. அந்தத் தெருக்களில் வளர்ந்த ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தத் தீபாவளிகள் வேறு மாதிரி நினைவிருக்கின்றன. 2023-ல் ‘மாமன்னன்’ பாடல் வெளியீட்டு விழாவில், கமல்ஹாசன் அமர்ந்திருக்கும்போதே, ‘தேவர் மகன்’ தனக்குள் உண்டாக்கிய கொந்தளிப்பை இயக்குநர் மாரி செல்வராஜ் வெளிப்படையாகப் பேசினார். அந்தப் படத்தில் வடிவேலு நடித்த இசக்கி, மாமன்னனாக மாறினால் எப்படி இருக்கும் என்ற எண்ணமே தன் படம் என்றார். அதே வடிவேலுவே மாமன்னனாக நடித்தார்.

2025 தீபாவளிக்கு வந்த படங்களில் ஒன்று மாரி செல்வராஜின் ‘பைசன் காளமாடன்’. ஒரு தீபாவளிப் படம் எழுப்பிய கேள்விக்கு இன்னொரு தீபாவளிப் படத்தில் பதில் தேடும் அளவுக்கு இந்தப் பண்டிகை நாள் நம் சமூகத்தின் பேச்சு மேடையாக இருக்கிறது. ‘மெர்சல்’ ஜி.எஸ்.டி. வசனத்துக்காகவும், ‘சர்கார்’ இலவசப் பொருள்களைத் தீயில் போடும் காட்சிக்காகவும் அரசியல் கட்சிகளை உலுக்கியதும் 2017, 2018 தீபாவளிகளில்தான்.

என்ன போயிற்று?

மதுரை தங்கம் தியேட்டர், ஆசியாவின் பெரிய தியேட்டர்களில் ஒன்று என்று பேர் பெற்றது. அதன் முதல் படம் 1952 தீபாவளியின் ‘பராசக்தி’. இன்று அந்த இடத்தில் ஜவுளிக்கடை. சென்னையில் சிவாஜி குடும்பத்தின் சாந்தி தியேட்டர் 2016-ல் மூடியது. உதயம் 2024-ல் போயிற்று.

ரிலீஸ் முறையும் மாறிவிட்டது. முன்பு பிரின்ட்டுகள் குறைவு. நகரத்தில் நூறு நாள் ஓடி, சின்ன ஊர்களுக்கு வந்து, டூரிங் டாக்கீஸைத் தொடும்போது அடுத்த தீபாவளியே நெருங்கிவிடும். அந்தக் காத்திருப்பில்தான் பாட்டுப் புத்தகமும் வானொலியும் பிழைத்தன. இப்போது படம் ஒரே நாளில் எல்லா ஊரிலும் வருகிறது, பத்து நாளில் கணக்கு முடிகிறது, சில வாரத்தில் கைபேசியில் வந்துவிடுகிறது. 2020-ல் கொரோனா நடுவே ‘சூரரைப் போற்று’, ‘மூக்குத்தி அம்மன்’ இரண்டும் தியேட்டருக்கே வராமல் வீட்டுக்கு வந்தன. 2023 பொங்கல் ரிலீஸின்போது சென்னையில் ஒரு ரசிகர் உயிரிழந்ததையடுத்து அதிகாலைக் காட்சிகளும் நின்றுபோய், தமிழ்நாட்டில் முதல் காட்சி ஒன்பது மணி என்றானது. ஓர் உயிரைவிட எந்தக் காட்சியும் பெரிதில்லை; அந்த முடிவு சரியானது.

காத்திருப்பு போனதும் அதை நம்பியிருந்த தொழில்களும் போயின. பேனர் வரைந்த ஓவியர்கள், பாட்டுப் புத்தகம் அச்சிட்ட சின்ன அச்சகங்கள், ரெக்கார்டிங் சென்டர்கள். மூக்கின் ஒரு பக்கத்துக்கு நீலமும் கன்னத்துக்கு ரோஸும் போட்டு எம்.ஜி.ஆரைத் தெருவுக்குக் கொண்டுவந்த அந்தக் கைகள் ஃபிளெக்ஸ் வந்த சில வருடங்களில் வேலையிழந்தன. நாம் அவர்களுக்கு ஒரு விழாகூட எடுக்கவில்லை.

மறுவெளியீடு போதுமா?

2012-ல் டிஜிட்டல் செய்து வந்த ‘கர்ணன்’ ஓடியது. 2014-ல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ சென்னையில் வெள்ளிவிழா கண்டது. 2023-ல் ‘நாயகன்’ வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ‘முத்து’வும் ‘ஆளவந்தா’னும் ஒரே நாளில் மறுபடி வெளியாகி மோதின. 2024-ல் ‘கில்லி’யைப் புதுப்படம்போல் கொண்டாடினார்கள். ‘தளபதி’யும் அந்த ஆண்டு ரஜினி பிறந்தநாளுக்குத் திரும்பியது.

மகிழ்ச்சிதான். ஆனால் மறுவெளியீட்டில் திரும்பி வருவது படம் மட்டும். அதுவும் நெகட்டிவ் நல்ல நிலையில் இருக்கிற படம் மட்டும், பெரிய நட்சத்திரம் இருக்கிற படம் மட்டும். ஒரு கேசட் உறையோ, கையால் வரைந்த பேனரோ, வானொலி விளம்பரத்தின் ஒலிநாடாவோ திரும்பி வராது. அவற்றை யாராவது காப்பாற்றி வைத்தால்தான் உண்டு.

அப்படிக் காப்பாற்றியவர்கள் உண்டு. கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா, பிறர் தூக்கிப் போட்ட துண்டுப் பிரசுரங்களையும் நாடக நோட்டீஸ்களையும் பாட்டுப் புத்தகங்களையும் ஆயுள் முழுக்கச் சேர்த்தார். அவர் சேகரம் இன்று சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. பிலிம் நியூஸ் ஆனந்தன், ஒவ்வொரு தமிழ்ப்படத்தின் விவரத்தையும் புகைப்படத்தையும் தனி மனிதராகத் தொகுத்தார். இன்று நாம் சொல்லும் ரிலீஸ் தேதிகள் பலவும் அவர் எழுதி வைத்தவை. அவருடைய சேகரிப்பைத் தமிழக அரசு பெற்றுக்கொண்டது. அது பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்க்கும் நிரந்தரக் காட்சியாக வேண்டும். சினிமாவிலிருந்து முதலமைச்சர்களைப் பெற்ற மாநிலத்துக்கு ஒரு முழுமையான சினிமா அருங்காட்சியகம் அதிகப்படியான ஆசை இல்லை.

அரசு செய்யும்வரை நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இந்தத் தீபாவளிக்கு வீட்டை ஒட்டடை அடிக்கும்போது பரணில் பழைய தகரப் பெட்டி கண்ணில் பட்டால் திறந்து பாருங்கள். பாட்டுப் புத்தகமோ, தீபாவளி மலரோ, பாட்டு வரிசை எழுதிய கேசட்டோ இருந்தால் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள். எந்த ஊரில், எந்த வருடம், யார் வாங்கியது என்று ஒரு தாளில் எழுதிச் சேர்த்து, பக்கத்தில் உள்ள ஆய்வு நூலகத்திலோ கல்லூரி நூலகத்திலோ கொடுங்கள். எழுதிக் கொடுக்கத் தெரிந்த பெரியவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். இந்த வருடமே கேட்டுவிடுங்கள்.